பெரிய வெள்ளியில் மக்ரூன் தின்றவன்

காலை எட்டரைக்குத் தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டோம். 'புறப்பட்டோம்' என்றால் நானும் என் இன்சுலின் பேனாவும். ஒன்பது வயதில் என் கணையம் வேலையை விட்டு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அதன் வேலையையும் சம்பளமில்லாமல் நானே பார்க்கிறேன். முன்பெல்லாம் நண்பர்கள் கூட வருவார்கள். சாப்பாட்டுக்குச் சாப்பாடு நான் விரலைக் குத்திப் பார்ப்பதில் அவர்களுக்குப் பசி போய்விடும். பிறகு, "நீ ரெஸ்ட் எடுடா" என்று அன்பாகக் கழற்றிவிட்டார்கள்.

ஏறுவதற்கு முன் ஊருக்குப் பேர்போன முந்திரி இனிப்பு, மக்ரூன், கால் கிலோ வாங்கினேன். "வீட்டுக்கா தம்பி?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். வீட்டில் இருப்பதும் நான்தான் என்று சொல்லவில்லை.

முத்தையாபுரத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். உப்பளங்கள் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தன. திருச்செந்தூரில் கோயிலுக்குப் போய்விட்டு மணப்பாட்டுக்கு வேறு பேருந்து ஏறினேன். மொத்தம் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். குலசேகரன்பட்டினம் தாண்டியதும், இறங்கியவுடன் மீன் சாப்பாடு என்ற நம்பிக்கையில் சட்டையைத் தூக்கி இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பின்னால் போனார். ஜன்னலோரம் கிடைத்தது.

பன்னிரண்டரைக்கு மணப்பாடு. கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. படகுகள் கரையில் கிடந்தன. பழைய நண்பன் ஒருவன் எப்போதோ சொல்லியிருந்த மெஸ்ஸின் படியில், ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார் அதன் உரிமையாளர் பிலோமினா அக்கா.

"சாப்பாடு இருக்கா அக்கா?"

"இன்னைக்குப் பெரிய வெள்ளிலா தம்பி? ஊரே ஒருசந்தி. சாயங்காலம் சிலுவை முத்தி செஞ்சப்பொறவுதான் அடுப்பு பத்தும்."

லீவு நாள் என்று தெரியும். எதற்கு லீவு என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஊரே விரதம்; எனக்குள் போன இன்சுலின் மட்டும் சாப்பாடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலமோ தூத்துக்குடி அறை மேசையில் பத்திரமாக இருந்தது. கை நடுங்க ஆரம்பித்ததும் படியில் உட்கார்ந்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஏலே! எல்லாரும் பட்டினி கெடக்கோம், முன்னால உக்காந்து இனிப்பு திங்கியே?"

"எனக்குச் சுகர் அக்கா."

பேருந்தில் போட்ட ஊசிக்குப் பிறகு, அன்றைய இரண்டாவது தவறு.

"சுகரா! அத வச்சுக்கிட்டா இதத் திங்க? எங்க வீட்டுக்காரருக்கு இதாலதாம்ல காலே போச்சு. கொண்டா இங்கன!" பொட்டலத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சுகர் இறங்கினால் இனிப்புதான் மருந்து என்று பள்ளியிலும் வேலையிடத்திலும் பெண் பார்க்கப் போன வீட்டிலும் நான் மூச்சுவிடாமல் ஒப்பித்த விளக்கம் ஒன்று உண்டு. இப்போது அதில் ஒரு சொல்கூட நாக்குக்கு வரவில்லை. வேர்வை காதோரம் வழிந்தது. தெருவில் வேறு யாருமில்லை. என் மேல் இவ்வளவு அக்கறை உள்ள ஒரே ஆளின் மடியில் என் உயிர் பொட்டலமாகக் கிடந்தது. பையைத் துழாவிச் சுகர் பார்க்கும் கருவியை எடுத்து, விரலைக் குத்தி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அதைப் படிக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

"நாப்பத்தெட்டா! ஐயோ, சுகர் எறங்கிட்டுல்லா!"

ஜெபமாலை படியில் கிடக்க, பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார். ஒரு தம்ளர் தண்ணீரில் கைப்பிடிச் சர்க்கரையைக் கலக்கி என் வாயில் வைத்தார். "குடி. ஆண்டவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு." பின்னாலேயே மூன்று மக்ரூனும் ஊட்டினார்.

உலகம் மெல்லத் திரும்பி வந்தது. மணல்மேட்டுச் சிலுவைக் கோயிலும் அதன் பின்னால் கடலும் தெரிந்தன.

"கூட யாரும் வரலியா?"

"இன்சுலின் வந்திருக்கு அக்கா."

அவர் சிரிக்கவில்லை. இதற்குச் சிரிக்காத முதல் ஆள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஊரோடு கஞ்சி குடித்தேன். பேருந்து வந்தபோது மிச்ச மக்ரூனை அவரிடம் நீட்டினேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தொடமாட்டேன்," என்று வாங்கிக்கொண்டவர், அதிலிருந்து நான்கை எடுத்து ஒரு தாளில் மடித்து என் சட்டைப் பையில் திணித்தார். "வழியில நடுங்கிச்சுன்னா யாருட்டயும் கேக்காத, எடுத்துத் தின்னுரு."

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டரோடு அவர்களுடைய விரதம் முடிந்துவிடும். அன்று காலையும் நான் விரலைக் குத்திப் பார்ப்பேன். ஆனால் குலசேகரன்பட்டினம் தாண்டும்வரை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. மக்ரூன் பாதி தூளாகிவிட்டது.