அப்பாவின் கட்டிலுக்கு மேலே

கிள்ளானில் நாங்கள் இருப்பது பழைய ஓட்டு வீடு, வரிசையில் நடுவீடு. பக்கவாதம் வந்து அப்பா படுத்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டேன். அதை நகர்த்த அந்த அறையில் இடம் கிடையாது. அதற்கு நேர் மேலேதான் கூரை ஒழுக ஆரம்பித்தது.

முதலில் வந்த ஆள், உடைந்த ஓட்டை மாற்றினார். கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு ஒரு சாயங்கால மழையில் அப்பாவின் போர்வை நனைந்தது. திரும்பக் கூப்பிட்டேன். ஏறினார், பசை பூசினார், இறங்கினார். அடுத்த பெருமழையில் மறுபடியும் ஒழுகியது. சரியாகச் செய்யவில்லையே என்று கேட்க எனக்கு வாய் வராது. வேறு ஆளைத் தேடினேன்.

“விடும்மா. ரயில்வேல நனையாத மழையா?” என்றார் அப்பா. ஆனால் ஈரம் பட்டால் இரவெல்லாம் இருமுவார்.

செமினியிலிருந்து வந்த புது ஆள் கூரைமேல் நின்றே கேட்டார்: “அக்கா, இங்க யாரு டான்ஸ் ஆடுனது?”

நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

“முன்ன வந்தவரு மாத்துன ஓடு நல்லாத்தான் இருக்கு. அவரு நடந்த வழியெல்லாம் வெடிச்சு கெடக்குலா.”

பழைய ஓடு ஆள் பாரம் தாங்காதாம். வெடிப்பில் இறங்கும் தண்ணீர் மரச்சட்டத்தைப் பிடித்து ஓடி வேறெங்கோ சொட்டுமாம். சொல்லிக்கொண்டே அவரும் நடந்தார், கனத்த சப்பாத்தோடு. பார்த்து மிதியுங்கள் என்று சொல்ல நினைத்தேன். “டீ போடவா?” என்றுதான் கேட்டேன். வெடித்த ஓடுகளை மாற்றிவிட்டு இறங்கினார்.

அடுத்த மழையில் கட்டிலுக்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தது. அப்போது வாசற்கதவுப் பக்கம் டப், டப் என்று கேட்டது.

மறுநாள் அவரே போன் செய்தார்.

“எப்படிக்கா, காஞ்சி இருக்கா?”

சொன்னேன்.

“கேரண்டி இருக்குக்கா. சனிக்கிழமை வந்து ஏறுறேன்.”

“ஏறாதீங்க தம்பி.”

“ஏன்கா, கோவமா?”

“கோவமில்ல. இப்ப ஒழுகுற எடம் பரவால்ல.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இப்போது மழைக்கு இருட்டினால் கதவருகே ஒரு வாளி வைக்கிறேன். அதைச் சுற்றிப்போய் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கிறேன். சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறப்பார்.

“எங்கம்மா சொட்டுது?”

“அங்கப்பா, கதவுகிட்ட.”

“சரி,” என்று திரும்பத் தூங்கிவிடுவார்.