சங்கம் என்று ஒரு யூசர்

சர்வரில் டேட்டாபேஸ் ஏற்றுவது அரைமணி நேர வேலை. அதை ஏற்றவிடும்படி ஆட்களைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். கறுப்புத் திரையில் நாலு வரி தட்டிப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் மும்பை செம்பூர்க்காரி. பெண் என்பதால் எங்கே போனாலும் “ஸார் பின்னால வர்றாரா?” என்று முதலில் வாசலைப் பார்ப்பார்கள். போன வருஷம் தாராவியில் ஒரு குடியிருப்போர் சங்கம் கூப்பிட்டது. புதுக் கட்டடத்தில் யாருக்கு வீடு என்று முடிவு செய்ய சர்வே வரப்போகிறது. இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களின் காகிதங்களையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களுக்காக மட்டும்தான் சங்கம் பேசும். இல்லாதவர் தனியாக நிற்க வேண்டியதுதான்.

இலவசம் என்றால் பயம்

செயலாளர் பொன்ராஜ் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். சங்கத்தின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதன்மேல் டேட்டாபேஸ் ஏற்றலாம், இரண்டுக்கும் காசு கிடையாது என்றேன். முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கிவிட்டது. எழுதினவன் யார், அவன் ஆபீஸ் எங்கே, ஏன் சும்மா தருகிறான் என்று போலீஸ் விசாரணை. உலகம் முழுக்கப் பலபேர் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று தொண்டை வறள விளக்கினேன்.

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “எம்மா, எங்களுக்கும் சும்மாதான் வீடு தாறோம்னு சொல்லுதான். அதுக்கு எத்தனை காயிதம் கேக்கான்னு பாத்தேல்லா?”

கட்டம் இல்லாத நோட்டு

தியாகராஜன் மாமா மாட்டுங்காவாசி. குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர், சங்கத்துக்கு இலவச ஆலோசகர். பெரிய தாளில் பதினாலு கட்டம் போட்டு வைத்திருந்தார். ரேஷன் கார்டுக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று, இப்படி. கட்டம் நிரம்பாத வீட்டுக்குச் சிவப்பு மை. பாதித் தெரு சிவப்பாக இருந்தது.

நான் ஏற்றியது டாக்குமெண்ட் டேட்டாபேஸ். கட்டமே கிடையாது. குடும்பத்துக்கு ஒரு ஏடு, அவரவரிடம் இருக்கிற காகிதம் எதுவோ அது அதில் உட்காரும். உதாரணத்துக்கு இசக்கியம்மாள் அக்காவைக் காட்டினேன். கீழ் வீடு அண்ணாச்சியின் மச்சினனுடையது. அதன் மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற அறையில் அக்கா இருபத்தைந்து வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். கரண்ட் பில் மச்சினன் பெயரில். ரேஷன் கார்டு ஊர் விலாசத்தில். இந்த விலாசத்துக்கு அவரிடம் இருப்பது மகளின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டும் கேஸ் சிலிண்டர் புத்தகமும்தான். மாமாவின் தாளில் அவருக்கு ஒரு கட்டமும் நிரம்பவில்லை, என் டேட்டாபேஸில் ஒரே நிமிஷத்தில் ஏறிவிட்டார்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கட்டத்துக்குத்தாம்மா மனுஷா அடங்கணும். மனுஷாளுக்கு ஏத்தாப்ல கட்டத்தை மாத்திண்டே போனா, அப்புறம் ஆபீஸ்னு ஒண்ணு எதுக்கு?”

காப்பி வேண்டாம்

தினமும் ஒரு பேக்கப் காப்பி எடுக்க இன்னொரு டிஸ்க் மாட்டுகிறேன் என்றேன். கமிட்டியே பதறி, வேண்டாம் என்றுவிட்டது. நானும் பல இடத்தில் பேக்கப் வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன், செலவு என்பார்கள், சோம்பல் என்பார்கள். இப்படி ஒரு காரணத்தை இங்கேதான் கேட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் டிஸ்கை மாட்டி, தினமும் காலையில் தானாகக் காப்பி எடுக்கும்படி செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அண்ணாச்சி சொன்ன காரணம் இது: “ஒரு வீட்டுக்கு ரெண்டு காப்பி கெடந்தா, நாளைக்கி ஒருத்தன் ரெண்டு வீடு கேப்பான்.”

கரும்பலகை

இந்த டேட்டாபேஸ் ஏற்றினவுடன் பூட்டு இல்லாத வீடு மாதிரி இருக்கும். பாஸ்வேர்டு நாம்தான் போட வேண்டும். ஐந்து பேர் தொடப்போகிறார்கள், ஐந்து யூசர் பெயர் வேண்டும் என்றேன். ஆளுக்கொரு பெயர் கொடுத்தால் ஆளுக்கொரு கட்சியாகும் என்று மறுத்துவிட்டார்கள். ஒரே யூசர், பெயர் ‘சங்கம்’, ஒரே பாஸ்வேர்டு.

அடுத்த வாரம் போனேன். ஆபீஸ் வாசலில் தண்ணீர் வரும் நேரம் எழுதுகிற கரும்பலகையில், தண்ணீர் நேரத்துக்குக் கீழே, முத்து முத்தான எழுத்தில் பாஸ்வேர்டு. உள்ளே போய்ப் பார்த்தால் யாரோ தன் பக்கத்து வீட்டுக்காரரின் ஏட்டில் ‘சண்டைக்காரர்: ஆம்’ என்று புதிதாகச் சேர்த்திருந்தார். கட்டம் இல்லாத டேட்டாபேஸ் அதையும் மறுபேச்சின்றி வாங்கி வைத்திருந்தது. முதலில் பலகையை அழியுங்கள் என்றேன்.

அண்ணாச்சிக்கோ பெருமை. “முந்தி ஒருக்கா நான் எதையோ மறைச்சேன்னு சொல்லிட்டானுவ. இனிமே இங்க ஒளிவுமறைவே கெடையாது, எல்லாம் ஓப்பன்.”

பகல் பதினொன்று நாற்பது

சர்வேக்கு இரண்டு நாள் முன்னால், தன் ஏட்டை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று இசக்கியம்மாள் அக்கா வந்தார். தேடினேன். இல்லை. மொத்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மாடியில் தனிக் குடித்தனம் இல்லை என்று ஆனால், மாடியும் சேர்த்து மச்சினன் வீடு. இது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

யார் எப்போது என்ன செய்தார் என்று சர்வர் குறித்து வைக்கும் பதிவைத் திறந்து உரக்கப் படித்தேன். அழித்த நேரம், அன்று பகல் பதினொன்று நாற்பது. அழித்த இடம், இதே ஆபீஸ் கம்ப்யூட்டர். அழித்தவர், சங்கம். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். சங்கமே அழித்திருந்தால் ஏதாவது தீர்மானம் இருந்திருக்கும் என்றார் மாமா. அதுவரை வாசலில் நின்றுகொண்டிருந்த மச்சினனைக் காணவில்லை. காலையில் எடுத்த காப்பி ஒன்று இருக்கிறது என்றேன். ஒரே வரியில் அக்காவின் ஏட்டைத் திரும்பக் கொண்டுவந்து, பாஸ்வேர்டையும் அங்கேயே மாற்றினேன்.

அக்கா நன்றி சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டு, அண்ணாச்சியை நேராகப் பார்த்துச் சொன்னார்: “பேரு வந்துட்டு, சரி. சர்வேக்காரன் வந்துட்டுப் போற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன், சங்கத்துக்கிட்ட சொல்லிருங்க.”

இத்தனை வருஷ சர்வர் வேலையில் சங்கம் என்று ஒரு ஆளை நான் நேரில் சந்தித்ததே இல்லை, ஆனால் நான் பார்த்த அழிப்பு வேலை எல்லாம் அவர் செய்ததுதான்.