மைனஸ் நாலு

எங்கள் சித்தப்பாவின் கீபோர்டுக்கு மூளை அதிகம். ஒன்பது வயதில் எனக்கு அது கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து ஒரு நாள் செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

சங்கரன்கோவிலில் கல்யாணம், சடங்கு என்றால் சித்தப்பா ஒற்றை ஆளாகப் போய்க் கச்சேரியை முடித்துவிட்டு வருவார். முதலில் அவரிடம் இருந்த கீபோர்டில் தாளம் மட்டும் தானாக ஓடும். பாடுவதற்கு அவருடைய தங்கை, என் அத்தை, கூடப் போவாளாம். அத்தையின் குரலுக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதி. அதற்காகச் சித்தப்பா கறுப்புக் கட்டைகள் மேலேயே விரல்களை நொண்டவிட்டுப் பழகியிருக்கிறார். அத்தை தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போன அன்று, அப்பா அவளுடைய படங்களையெல்லாம் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. அப்படியோர் அத்தை இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

சித்தப்பா கீபோர்டுகளை மாற்றிக்கொண்டே வந்தார். ஒன்றில் தபலா வந்தது, அடுத்ததில் புல்லாங்குழல். கடைசியாக வாங்கியதில் பென் டிரைவைச் செருகினால் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவே உள்ளே உட்கார்ந்திருந்தது. பொத்தானைத் தட்டினால் சுருதியும் மாறும். கூடப் பாட ஆளே இல்லை. எந்தச் சுருதியிலும் வாசித்திருக்கலாம். மனுஷன் விடவில்லையே! அதிலும் அதே ஐந்தரைக் கட்டைதான். அதற்காகத் திரையின் மூலையில் எப்போதும் ‘-4’ என்று எரியும். பல்லவி வந்தால், யாரோ பாட இடம் விடுவதுபோல வலது கையை எடுத்துவிடுவார். தாளம் மட்டும் தனியாகப் போகும்.

“என்ன அண்ணாச்சி, மெஷின் மக்கர் பண்ணுதா?” என்று கேட்பார்கள்.

“அது அப்படித்தான் வே” என்பார்.

லீவு நாளில் வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொள்வேன். வீடு திரும்பும்போது என்னிடம், “யாராச்சும் வந்து எதாச்சும் கேட்டாங்களாட்டி?” என்று தவறாமல் விசாரிப்பார். பாராட்டுக்கு இப்படி அலைகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று கோவில் பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டியாயிற்று, மேளக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஸ்பீக்கர் வயரைப் பார்க்கச் சித்தப்பா கீழே குனிந்திருந்தார். என் கண்ணில் அந்த மைனஸ் பட்டது. தப்பான விடைக்கு மைனஸ் மார்க் போடும் கணக்கு டீச்சரிடம் படித்தவள் நான். சித்தப்பாவின் மானத்தைக் காப்பாற்ற, பொத்தானை நாலு தடவை அழுத்திச் சைபராக்கினேன். அப்பாடா என்றிருந்தது.

பாட்டு தொடங்கியது. சித்தப்பா திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் அதற்குள் மேடைக்கு வந்துவிட்டார்கள், நிறுத்த வழியில்லை. அந்தப் பதற்றத்தில் கையை எடுக்க மறந்து, பல்லவியையும் அவரே வாசித்துவிட்டார்.

தூணோரம் ஒரு அம்மா நின்றிருந்தாள். தோளில் பை, சிவகிரி பஸ்ஸில் வந்த புழுதி. சித்தப்பாவையே பார்த்தபடி என் பக்கம் குனிந்தாள்.

“உங்க சித்தப்பாவாட்டி? ஒண்ணாங் கட்டையிலயா வாசிக்கான்? எப்பவுமே இப்படியா?”

கட்டையாவது மண்ணாவது! பொத்தானை அழுத்தியதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

“எப்பவுமே இப்படித்தான்” என்றேன்.

“நல்லாருக்கட்டும்” என்று என் கன்னத்தைத் தடவினாள். பந்தி நடந்துகொண்டிருந்த பக்கம்கூடத் திரும்பாமல் வாசலிறங்கிப் போய்விட்டாள். அடுத்த பாட்டுக்குச் சித்தப்பா மைனஸ் நாலுக்கே திரும்பினார். பல்லவியில் கையை எடுத்தார். தூணோரம் யாரும் இல்லை.

வண்டியில் வழக்கம்போலக் கேட்டார். சொன்னால் பொத்தான் விஷயம் வெளிவந்துவிடுமே!

“யாரும் வரல சித்தப்பா.”

“சரி மக்கா.”

மாட்டிக்கொள்ளாததில் எனக்கு அன்று அப்படியொரு சந்தோஷம்.

கல்லூரி முடித்த வருஷம், பழைய கீபோர்டின் பெட்டிக்கடியில் ஒரு படம் கிடைத்தது. சித்தப்பா வாசிக்க, பக்கத்தில் மைக்கோடு தூணோரத்து அம்மா. அது என் அத்தை, சிவகிரியில் வாழ்க்கைப்பட்டவள் என்று என்னைப் பெற்றவள்தான் கிசுகிசுத்தாள். சிவகிரிக்கு ஓடினேன். அத்தை குடும்பம் ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. எங்கே என்று சொல்ல ஆளில்லை. அழுதுகொண்டே திரும்பி பஸ் ஏறினேன்.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. படத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கல்யாண வீட்டுக்கு வந்தவ, சாப்ட்டுட்டுப் போனாளாட்டி?” என்று மட்டும் கேட்டார்.

“சாப்ட்டாங்க சித்தப்பா” என்றேன். இந்தப் பொய்யை மட்டும் அர்த்தம் தெரிந்தே சொன்னேன்.