ராதாமணி வளர்க்கும் ராணி

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுத்தான் ராதாமணி அலமாரியைத் திறப்பார். சிவப்பு வெளிச்சம் எறும்புக்குத் தெரியாதாம். "வெள்ளை லைட்டு அடிச்சா மெரண்டு முட்டையத் தின்னுரும்" என்பார்.

பழங்காநத்தத்தில் ஜாக்கெட் தைக்கிறவர். ஐப்பசி மழை விட்டதும் டியூப்லைட்டுக்குக் கீழே, றெக்கை உதிர்த்த கட்டெறும்பு ராணிகள் ஓடும். தெருவே விளக்குமாற்றை எடுக்கும்போது, இவர் ஆன்லைனில் வாங்கிய டெஸ்ட் டியூபோடு குனிவார். அடியில் தண்ணீர், நடுவில் ஈரப்பஞ்சு, வாயில் காய்ந்த பஞ்சு. ராணிக்கு அதுவே வீடு. முதல் வேலைக்கார எறும்பு பிறக்கும்வரை அது எதுவும் சாப்பிடாது. றெக்கையை அசைத்த சதையைக் கரைத்தே பிள்ளை வளர்க்கும். பெருக்கித் துடைப்பதும் அதுவேதான்.

"எறும்பு மருந்து விக்கிறவனுக்கு யாவாரம் பெருக்கிக் குடுக்குறா இவ." கணவர் ராமதாஸ் இதை முதலில் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் முணுமுணுப்பார். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டுமென்று தமிழிலும் சொல்வார்.

ராணிகளைக் கொல்வது பூஞ்சை. போன வருடம் ஒன்றின் காலில் வெள்ளையாகப் பூத்தபோது, நம் வீடுகளில் எல்லாப் புண்ணுக்கும் போடுவதுபோல் மஞ்சள் தண்ணீரைப் பஞ்சில் விட்டார். பூஞ்சை செத்ததோ என்னவோ, ராணி செத்தது.

இந்த வருடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இன்று காலை அதன் புழுக்குஞ்சுகளில் ஒன்று பழுத்துத் துவண்டு கிடந்தது. வெள்ளை பூத்துவிட்டால் மொத்தக் குடும்பமும் போகும்.

"எடுத்து வீசிருங்க யக்கா. இடுக்கி எங்க?" என்றாள் பக்கத்து வீட்டு இசைவாணி.

"தொறந்தா மெரண்டு எல்லாத்தையும் தின்னுபுடும்டி."

"விட்டா எல்லாம் சாகும்ல?"

ராதாமணியின் விரல்கள் வாய்ப்பஞ்சுக்குப் போய்விட்டன. அதற்குள் ராணி வந்தது. நோய்க்குஞ்சை மீசையால் தடவியது. கடித்தது.

"அடியாத்தி! பெத்ததையே திங்குது! இதுக்கா யக்கா இம்புட்டு பாடுபட்டீக?"

"நோவு வந்தத மட்டுந்தான் திங்குது. மத்ததுக்கு ஒட்டக்கூடாதுன்னு."

"தின்ன அதுக்கு ஒட்டாதா?"

ராதாமணியின் விரல்கள் பஞ்சை விட்டன. ராணி தின்று முடித்து, மற்றக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கியது. இன்னும் கிட்டே குனிந்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைக்க முந்தானையைத் தூக்கியவர், துடைத்தால் டியூப் ஆடிவிடுமே என்று, மூச்சுப் படாமல் அந்த முந்தானையால் தன் வாயையே பொத்திக்கொண்டார்.