சிவப்பு அம்பு

போன திங்கட்கிழமை. காலை ஏழு மணி. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் என் மகள் நிவேதா நின்றாள். யூனிஃபார்ம் இல்லை. சுடிதார். கையில் என் சாப்பாட்டுப் பை.

“நானும் வர்றேம்மா.”

“எங்க?”

“கம்பெனிக்கு.”

“இன்னாத்துக்கு?”

“வேலைக்கு.”

பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வயது பதினைந்து.

“கேட்லயே நிறுத்திடுவாங்க. பதினெட்டு ஆகணும்.”

“அப்ப வீட்ல உக்காந்து ஷூ தைக்கிறேன். எதிர் வீட்டு அக்கா தைக்கல? ஸ்கூலுக்கு மட்டும் போக மாட்டேன்.”

பஸ் ஹாரன் அடித்தது. நான் போகவில்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஏன் நிறுத்துகிறாய் என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும் ஆகாததுக்கா படிப்ப விடுவாங்க?”

பையைக் கீழே வைத்தாள். பிறகு ஃபோனை நீட்டினாள்.

வகுப்புப் பெண்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் க்ரூப். டீச்சர் யாரும் அதில் இல்லை. அதில் ஒரு ஸ்டிக்கர். நிவேதாவின் முகம். கன்னத்தில் ஒரு பரு. பருவைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு.

இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங். தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அந்த இடத்தில் நகம் அளவு சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டுவேன். குறை இங்கே என்று அர்த்தம். அடுத்த டேபிளில் சரிசெய்வார்கள். அம்பைப் பிய்த்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அம்பு தெரியும்.

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். யாரோ கணக்கைத் தப்பாகப் போட்டால் இவள் முகம். மிஸ் லீவு என்றால் இவள் முகம். பசிக்குது என்று ஒருத்தி எழுதினால்... அதற்கும் இவள் முகம்.

“பசிக்கும் உன் மூஞ்சிக்கும் இன்னா சம்பந்தம்?”

“ஒரு சம்பந்தமும் இல்லம்மா. எதுக்குன்னாலும் போடுவாங்க. அதான்.”

கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘ரிஜெக்ட் பீஸ் வந்துடுச்சு.’ அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

நான் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஃபோனில் வரைந்த அம்பு இல்லை. நிஜ அம்பு. ஒரு முனை மடங்கியிருந்தது. அம்புகள் ஒட்டிய ரோலில் இருந்து நான் நகத்தால் கிள்ளி எடுப்பேன். அதனால் நான் ஒட்டுகிற அம்பில் ஒரு முனை எப்போதும் மடங்கும்.

அது நான் ஒட்டிய அம்பு.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவளுடன் படிக்கும் நாலு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் பையில் ரோல் துண்டு ஒன்று கிடந்தது. இவள் கன்னத்தில் பரு. “பீஸ் டேமேஜ்” என்று சொல்லி ஒட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். இவளும்தான். ஒருத்தி போட்டோ எடுத்தாள். எல்லாருக்கும் டீ கொடுத்தேன்.

“அன்னிக்கு நீயும் சிரிச்ச இல்ல?”

“சிரிச்சேன். நீ ஒட்டின, நீயே பிச்சுட்ட. இத யாரு பிக்கிறது? போடாதீங்கன்னு மூணு வாட்டி சொன்னேன். அப்புறம்தான் ஜாஸ்தி ஆச்சு.”

அதே படம். அதே அம்பு. அன்றைக்கு விளையாட்டு, இன்றைக்கு இது. எந்த இடத்தில் மாறியது? வாரம் முழுக்க யோசித்தேன். அவள் சொன்னதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நிறுத்து என்றால் நிற்க வேண்டும். நிற்காமல் அதிகமானால் அது விளையாட்டு இல்லை.

அடுத்து நான் செய்தது பெரிய தப்பு. ஃபோனைப் பிடுங்கினேன். க்ரூப்பை விட்டு வெளியே வந்து, மொத்தத்தையும் அழித்தேன். அம்பைப் பிய்த்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஷூ கம்பெனிக் கை... வேறென்ன தெரியும் அதற்கு?

நேராக ஸ்கூலுக்குப் போனோம். கிளாஸ் மிஸ் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “எங்கம்மா, காட்டுங்க” என்றார்.

காட்ட ஒன்றும் இல்லை.

கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஷூவை சூப்பர்வைசர் பார்க்கும்வரை தனியாக எடுத்து வைப்பேன். யார் கையில் கெட்டது என்று தெரிய வேண்டுமே. ஷூவுக்கு அவ்வளவு கவனம். சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஆதாரத்தை நானே அழித்துவிட்டு நிற்கிறேன்.

நீங்கள் அழிக்காதீர்கள். யார் போட்டது, எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஃபோனையும் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை பிள்ளை காட்டாது.

நிவேதா மெதுவாகச் சொன்னாள். “மிஸ், சுமையாவக் கேளுங்க.”

சுமையா இவள் பக்கத்தில் உட்காருகிற பெண். அவளிடம் எல்லாமே இருந்தது. தேதியோடு எடுத்து வைத்திருந்தாள்.

“இவ்ளோ நாள் ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா அடுத்த அம்பு எனக்கு ஆன்ட்டி.”

அந்த க்ரூப்பில் எத்தனை பேர் சிரித்தார்கள்? அதில் எத்தனை பேர் பயந்து சிரித்தார்கள்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மிஸ் அந்த ஸ்டிக்கரைச் செய்தவளைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் போட்டோ எடுத்தவளேதான். பெயர் வேண்டாம். அவளும் சின்னப் பெண்.

“சும்மா விளையாட்டுக்கு மிஸ். அம்பு நானா ஒட்டினேன்? ஆன்ட்டிதானே ஒட்டினாங்க!”

மிஸ் என்னைப் பார்த்தார். நிவேதா தரையைப் பார்த்தாள்.

“ஆமா. நான்தான் ஒட்டினேன்” என்றேன். “தப்பு. முதல்ல நான் மன்னிப்பு கேக்குறேன். அப்புறம் நீ கேளு.”

நிவேதா பக்கம் திரும்பினேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. “சாரிடா” என்றேன்.

அந்தப் பெண்ணும் வாயைத் திறந்தாள். நிவேதா தடுத்தாள். “இங்க வேணாம்டி. எங்க போட்டியோ அங்க சொல்லு.”

சாயந்திரம் சுமையா இவளை மறுபடி க்ரூப்பில் சேர்த்தாள். அந்தப் பெண் எழுதினாள்: ‘நான் செஞ்சது தப்பு. எல்லாரும் அழிச்சிடுங்க.’ பிறகு எவளோ ஒருத்தி அதே ஸ்டிக்கரைப் போட்டாள். இந்த முறை நான் ஃபோனைப் பிடுங்கவில்லை.

சுமையா எழுதினாள்: ‘போதும் நிறுத்துடி.’ அடுத்து இன்னொருத்தி, ‘ஆமா, போதும்.’ அப்புறம் நாலைந்து பேர். போட்டவளே அழித்துவிட்டாள்.

“எல்லா ஃபோன்லயும் போயிருக்குமா?”

“தெரியலம்மா. ஆனா இனிமே போட்டா கேக்க ஆள் இருக்கு.”

செவ்வாய்க்கிழமை காலை. நிவேதா யூனிஃபார்மில் நின்றாள். பரு அப்படியே இருந்தது.

“இன்னாம்மா பாக்குற? பஸ் போய்டப் போகுது, கிளம்பு.”

பஸ்ஸில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். அடியில் அந்த ரோல் துண்டு கிடந்தது. கம்பெனிக்குப் போனதும் செக்கிங் டேபிளில் வைத்துவிட்டேன்.

அது ஷூவுக்கு.