பூங்கொடிக்கு வந்த கடிதம்

பூங்கொடியைக் கல்லூரிக்குப் போகவிடாமல் செய்தவள் நான்தான். அவளுடைய அப்பா அல்ல. அவள் பிறந்த மலை அல்ல. நான்!

"வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள்" என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். அந்த வீட்டில் அவளுக்குத் துணி வைக்கப் புதிதாக ஒரு பெட்டியே வாங்கி வைத்திருந்தார்கள்... பிறகுதான் பார்த்தேன்.

மூன்று வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கோவிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மண்டியிட்டபோதுகூட, "பொறாமைப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறதோ என்னவோ.

என் பெயர் ஸ்டெல்லா. எலவனாசூர்கோட்டையில் கூலி வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நான் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளர்.

எங்கள் சங்கம் சிறியது. ஆண்டுக்கொரு முறை கூடுவோம், பழைய வாத்தியாருக்குச் சால்வை போடுவோம், சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். சேலத்துக் கல்லூரி ஒன்றின் சங்கமும் சென்னைக் கல்லூரி ஒன்றின் சங்கமும் எங்களோடு சேர்ந்து கூட்டமைப்பாக ஆன பிறகுதான் உருப்படியான வேலை தொடங்கியது.

கல்வராயன் மலையில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது, சாதிச் சான்றிதழுக்கு அலைவது, படிவம் நிரப்புவது எங்கள் பங்கு. சேலத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னைச் சங்கம் அவர்கள் கல்லூரியிலேயே இடமும் விடுதியும் வாங்கித் தந்தது. முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் துணையாக ஒரு மூத்த மாணவியையோ மாணவனையோ அமர்த்தியது. எந்த ஒரு சங்கமும் தனியாகச் செய்திருக்க முடியாத காரியம்! முதல் வருடமே மலையிலிருந்து இரண்டு பேர் போனார்கள். அந்த இருவரையும் சின்னசேலத்தில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நான் பஸ்ஸிலேயே அழுதேன். அந்த அழுகை உண்மையானது. அதையும் நீங்கள் நம்ப வேண்டும்...

இரண்டாம் வருடம் கிடைத்தவள் பூங்கொடி. வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும் அவள் ஊருக்கு. கைபேசி அங்கே பேசாது. ஆகவே படிவத்தில் என் முகவரியையும் என் எண்ணையும் எழுதினேன். அவளுடைய அப்பா அண்ணாமலை, கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாமா என்று கேட்டார்.

"தேவையில்லங்க. சென்னையே கிடைச்சிரும்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தால் மற்ற எல்லாக் கதவையும் நானே சாத்தினேன்.

இதற்கிடையில் கூட்டமைப்பின் கூட்டம் ஒன்று நடந்தது. பேனரில் எந்தக் கல்லூரியின் பெயர் முதலில் வருவது என்று பேச்சு வந்தது. எங்கள் பெயரைப் போடலாம் என்றேன். சேலத்துச் சங்கத் தலைவர் ரகுபதி சிரித்தார்.

"மேடம், உங்க சங்கம் டவுன் பஸ்ஸு மாதிரிங்க. மலையிலிருந்து இறக்கி விடறதோட சரி. படிக்க வைக்கறது நாங்கதானுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, சென்னையிலிருந்து கடிதம் வந்தது. பூங்கொடிக்கு இயற்பியலில் இடம். அடுத்த புதன்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். கடைசி வரிவரைக்கும் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் கூட்டமைப்பின் ஆண்டு விழா. அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது... மேடையில் வைத்து, ரகுபதியின் கண்ணெதிரே, என் கையால் அந்தக் கடிதத்தைப் பூங்கொடியிடம் கொடுக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை புறப்பட்டாலும் நேரம் இருக்கிறதே! இடம் கிடைத்த செய்தியை மலைக்கு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வரச் சொல்லி மட்டும் ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில், சிறப்பு விருந்தினரால் வர முடியாது என்று தகவல் வந்தது. விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. கெடு தேதியைத் தாண்டி!

அன்றைக்கே கச்சிராயபாளையம் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் நான் ஏறியிருக்கலாம். பள்ளி விடுமுறை. உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. ஏன் ஏறவில்லை? என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பதில் எப்போதும் ஒன்றுதான்... அந்தப் படம் எனக்கு வேண்டியிருந்தது. சென்னையில் கேட்டால் ஒரு வாரம் அவகாசம் தரமாட்டார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை அண்ணாமலை பள்ளிக்கே வந்துவிட்டார். விழா தள்ளிப்போனது தெரியாமல் முந்தின நாள் மகளோடு வந்து, பூட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகாமல் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். மகளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"எதுனா வந்துச்சுங்களா டீச்சரம்மா? பாப்பா கேட்டுக்கினே கீது."

கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம்!

"இன்னும் வரலங்க. ஞாயித்துக்கெழம விழாவுக்கு வந்துடுங்க. அங்க தெரிஞ்சுரும்."

"செரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை சென்னைச் சங்கத்தின் செயலாளர் வசந்தா அம்மையாரைக் கைபேசியில் அழைத்தேன்.

"நேத்தோட முடிஞ்சுபோச்சே ஸ்டெல்லா! அந்த இடத்தை வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஏன் அந்தப் பொண்ணு வரலை?"

உண்மையைச் சொல்ல அந்தக் கணம் போதுமானதாக இருந்தது. அவர் கத்தியிருப்பார். என்னைப் பதவியிலிருந்து நீக்கியிருப்பார்கள். ஒருவேளை அவர்கள் ஓடியாடி வேறொரு கல்லூரியில் அவளுக்கு ஓர் இடத்தையும் தேடிப் பிடித்திருப்பார்கள்...

"வீட்ல அனுப்ப மாட்டேன்றாங்க மேடம். கல்யாணம் பண்ணணுமாம்."

என் வாய் எவ்வளவு சரளமாகச் சொன்னது, தெரியுமா! அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "பாவம் அந்தப் பொண்ணு" என்றார், அவ்வளவுதான். ஏன் அவ்வளவு எளிதாக நம்பினார்? மலைக்காரர்கள் அப்படித்தான் என்று நம்புவதற்கு நாங்கள் எல்லோருமே தயாராக இருந்தோம். நான் அந்தத் தயார்நிலையைப் பயன்படுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அவர்களை விழாவுக்கு வரவிடக் கூடாதே, அதற்காக! கெடு முடியும்முன் ஏறாத பஸ்ஸில், பொய்யைக் காப்பாற்ற ஏறினேன்.

பூங்கொடி மரவள்ளிக் கொல்லையில் இருந்தாள். கையில் மண்ணோடு ஓடி வந்தாள். வாசலில் அந்தப் புதுப் பெட்டி, தகரத்தில் பூப் போட்டது, தூசி படாமல் சாக்கால் மூடியிருந்தது.

"இந்த வருஷம் கிடைக்கலம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. கைமண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள். "மார்க் பத்தலீங்களா டீச்சர்?"

"ஆமாம்மா."

அதுவும் பொய். அவளுக்கு இடம் தந்த கல்லூரி, அவள் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தந்தது. அதை அவளிடமிருந்து பறித்துக்கொண்டதுதான் எல்லாவற்றிலும் கொடியது என்று இப்போது தோன்றுகிறது. இடத்தை மட்டுமா எடுத்தேன்? தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்தேன்.

அண்ணாமலை எனக்கு டீ போட்டுத் தந்தார். குடித்தேன்.

விழா நடந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் ரகுபதி பேசினார். "மலையில போய்க் கெஞ்சிட்டு இருக்கறது வேஸ்ட்டுங்க. ஆசையாப் படிக்கற பிள்ளைங்க கீழயே இருக்காங்க. அவங்களுக்குச் செய்வோம்." எல்லோரும் வசந்தா அம்மையாரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லாதான் மலைக்குப் போய்வரவங்க. அவங்க சொல்லட்டும்."

நான் தலையை ஆட்டினேன்.

தீர்மானத்தை எழுதியதும் நான்தான். "பெற்றோரின் ஒத்துழைப்பின்மை காரணமாக மலைப்பகுதிப் பணி நிறுத்தப்படுகிறது." என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்... அந்த வருடப் பேனரில் எங்கள் கல்லூரியின் பெயர்தான் முதலில் இருந்தது.

இப்போது புரிகிறதா? ஒரு பெண்ணோடு முடிந்த குற்றம் அல்ல இது. அதன்பிறகு மூன்று வருடங்களில் மலையிலிருந்து யாரும் போகவில்லை. மூன்று சங்கங்கள் சேர்ந்து போட்ட பாதையை நான் ஒருத்தியே மூடிவிட்டேன். சமவெளியில் கூட்டமைப்பு நன்றாகவே நடக்கிறது. நான் இன்னும் செயலாளர்தான். எனக்குச் சால்வை போட்டார்கள்!

போன மாதம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். கறுத்து மெலிந்திருந்தாள். காலடியில் பெரிய மூட்டை.

"நல்லா கீறீங்களா டீச்சர்? நான் பூங்கொடி."

கேரளாவில் மிளகு பறித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறாளாம். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு முடியவில்லை.

"தங்கச்சி பன்னெண்டாவது படிக்குது டீச்சர். நல்லாப் படிக்கும். அதுக்கு எழுதிப் போட்டா எடுப்பாங்களா?"

"இப்பல்லாம் மலைக்கு வர்றதில்லம்மா அவங்க..."

அவள் தலையாட்டினாள். யார் மீதும் அவளுக்கு வருத்தம் இல்லை. "நான் ஒழுங்காப் படிச்சிருந்தா வந்துக்கினு இருப்பாங்க இல்ல டீச்சர்? என்னாலதான் உட்டுட்டாங்க போல. நீயாச்சும் ஜாஸ்தி மார்க் வாங்குன்னு அதுகிட்ட சொல்லிக்கினே இருக்கேன்."

பட்டப்பகல். சுற்றிலும் கூட்டம். அவள் கை என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்தேன், ஆண்டவர் சாட்சி!

"வெள்ளிமலை பஸ் வந்துருச்சு பாரு. ஏறிக்கம்மா" என்றேன்.

மூட்டையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ் திரும்பி மறைந்தது.

அவள் தங்கையின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.