வெள்ளைத்துணி போர்த்திய நாற்காலி

ஜீயபுரம் தாண்டும்போது முகத்தில் பூசிய கரி வியர்வையில் கரைந்து சட்டையில் இறங்கியிருந்தது. பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று வாழைத்தோட்டங்களை ஒட்டி நடந்தேன். வெயில் இன்னும் தாழவில்லை.

விட்டுவந்த ஊரில் ஈஸ்டருக்கு மறுநாள் பகலில் சர்ச் வாசலில் பாட்டு நாடகம் போடுவார்கள். சம்மனசுகள் என்கிற தேவதூதர்கள் ஒன்பது வரிசை, ஒன்பது படி. உச்சியில் வெள்ளைத்துணி போர்த்திய காலி நாற்காலி, அதுதான் கடவுள். மேல்படிகளில் பெரிய வீட்டுக்காரர்கள் நிற்பார்கள். கடவுளை வணங்க மறுத்துக் கலகம் செய்து கீழே விழும் சம்மனசாக ஊர்க்காரன் எவனும் நடிக்க மாட்டான். அதற்கு வெளியாள் வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு அந்தக் கரி பூசும் வேஷம் கிடைத்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க சர்ச் சோறு, பின்பக்க அறையில் படுக்கை. நாடகம் முடிந்ததும் அங்கேயே காவல் வேலை என்று சர்ச் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சொல்லியிருந்தார். ஐம்பது வயதில் எனக்கென்று ஒரு கூரை.

நன்றாகவே விழுந்தேன். ஒன்பது படியும் உருண்டதைப் போனில் படம் பிடித்தார்கள்.

விழுந்தவன் பிறகு அந்த நாற்காலி முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பின்தான் முகம் கழுவத் தண்ணீர் தருவார்கள். போனேன். தலைமைத் தூதராக நடித்தவர், திருவிழாச் செலவை ஏற்பவர், இறக்கையைக்கூடக் கழற்றாமல் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க ஐயா, கும்பிட்டுக்கிறேன்."

"நான் இருந்தா என்ன? அப்படியே கும்பிடுப்பா."

"பசாசுக்கு இன்னும் வேஷம் கலையலைங்க," என்றார் பின்னால் ஒருவர். சிரித்தார்கள்.

உபதேசியார் காதருகே வந்தார். "முழங்கால்தானேங்க. மடக்கிட்டு வேலையில சேருங்க."

ஒத்திகையில் எத்தனையோ தடவை அங்கே மடக்கிய முழங்கால்தான். அன்று வளையவில்லை. துணியில் டீ சிந்தியிருந்தது. திரும்பி நடந்தேன்.

நாடகப் பாட்டில் அந்தக் கலகக்காரனோடு மூன்றில் ஒரு பங்கு சம்மனசுகள் விழும். என்னோடு யாரும் வரவில்லை. வீரம் என்று ஒன்றும் தோன்றவில்லை; அந்த அறைதான் கண்ணில் நின்றது. விழுந்தவனுக்கு நரகமாவது உண்டு.

காவிரியில் தேங்கிக் கிடந்த நீரில் முகம் கழுவினேன். காதோரக் கரி போகவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில், கோபுரத்துக்கு வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் ஆள் தேடினார்கள்.

"காதுல என்ன கரி?" என்றார் அங்கிருந்தவர்.

"அடுப்பு வேலைங்க."

டோக்கன் டப்பாவைக் கொடுத்தார். முதலில் வந்தவர் செருப்பைக் காலாலேயே என் பக்கம் தள்ளினார். குனிந்து எடுத்து வைத்தேன்.